செவலைக்குக் கொடுத்த எண்ணெய்

சிவமயம்
தியாகராய நகர், சென்னை
20-4-1942

சௌபாக்கியவதி பங்கஜத்துக்கு நல்லசிவம் ஆசீர்வாதம். நான் சுகம். நீயும், வயிற்றில் இருப்பதும் சுகமாகப் போய்ச் சேர்ந்த விவரத்துக்கும், அங்கே அத்தையின் சுகத்துக்கும் உடனே எழுது.

ஏழாம் மாதம் வளையல் அடுக்கிப் போகவேண்டியவளை நாலாம் மாதமே ஜப்பான்காரன் தாய்வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டான். அவனுக்கு நாம் என்ன சீர் செய்வது என்று தெரியவில்லை. எழும்பூர் ஸ்டேஷனில் உன்னை அந்தக் கூட்டத்தில் ஏற்றியதை நினைத்தால் ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். உன் தம்பி சுயம்புலிங்கம் கூட வந்ததால்தான் மனசு ஆறியது.

நம் தெருவில் ஆள் இருக்கும் வீடு நாலைந்து இருக்கும். மற்றதெல்லாம் பூட்டு. நான் மட்டும் பாத்திரக்கடையைத் திறந்து வைத்துக்கொண்டு குண்டான்களுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறேன். குண்டு விழும் என்று ஓடுகிறவன் குடம் வாங்க வருவானா?

சினை மாடு செவலை நன்றாக இருக்கிறாள். நான் கொட்டகைக்குள் போனால் முகர்ந்து பார்த்துவிட்டு, நீ இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். போன ஈற்றுக் கன்று கண் தெரியாமல் பிறந்து, தாய் மடியைத் தேடித் தேடிச் செத்ததும், நீ சாப்பிடாமல் கிடந்ததும் எனக்கு மறக்கவில்லை. இந்த ஈற்றும் அப்படிப் போனால் ராசியில்லாத மாடு, தள்ளிவிடுங்கள் என்கிறார்கள் தெருவில். தள்ளிவிட்டால் எங்கே போகும் என்பது உனக்கும் தெரியும். மாடு பிடிக்கத் தெரியாதவன் தலையில் இதைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். என்னாலானதைச் செய்கிறேன். பாக்கியைச் சிவன் பார்க்கட்டும்.

உன்
நல்லசிவம்


உ
பாளையங்கோட்டை
3-5-1942

அன்புள்ள அத்தானுக்குப் பங்கஜம் நமஸ்காரம். இங்கே நானும் அம்மாவும் தம்பியும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தையும் செவலையின் சௌக்கியத்தையும் தனித்தனியே எழுதவும். ஒன்றோடு ஒன்றைக் கலக்கவேண்டாம்.

மாடு முகத்தைத் திருப்புகிறது என்றால் நீங்கள் கடைச் சட்டையோடு போகிறீர்கள் என்று அர்த்தம். பித்தளை தேய்த்த புளி நாற்றம் அவளுக்கு ஆகாது. சட்டையைக் கழற்றிவிட்டுப் போங்கள். கழுத்துக்குக் கீழே சொறிந்து கொடுங்கள். புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து வையுங்கள், கல்லாகப் போடாதீர்கள்.

ஒன்று சொல்லவேண்டும். கன்று நல்ல கண்ணோடு பிறந்தால், தீட்டு கழிந்த முதல் பால் கற்பகாம்பாள் அபிஷேகத்துக்கு என்று நேர்ந்திருக்கிறேன். அதனால் அவள் வயிற்றில் வேண்டாதது எதுவும் போகக்கூடாது. வெளிவீட்டுக் கழுநீர் ஊற்றாதீர்கள். அடுத்த வீட்டு ஜட்கா வண்டிக்கார ஷரீஃப் சம்சாரம் அமீனா பீ நல்லவள்தான், நான் புறப்பட்ட அன்று வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் அவர்கள் சட்டி கழுவின தண்ணீரில் என்னென்ன இருக்கும் என்று நமக்குத் தெரியாது. நம் வீடு சைவ வீடு, மாடும் சைவ மாடு.

பிள்ளை அசையத் தொடங்கிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால்தான் அசைகிறது. அப்பாவைப் போல.

நீங்கள் தனியாக இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதை நினைத்தால் இங்கே சோறு இறங்கவில்லை.

உங்கள் பங்கஜம்


சிவமயம்
தியாகராய நகர்
9-6-1942

சௌபாக்கியவதி பங்கஜத்துக்கு ஆசீர்வாதம். நான் சுகம். செவலையைப் பற்றித் தனியே எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

சட்டையைக் கழற்றிவிட்டுப் போனேன். என்னை நக்கினாள். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்.

பச்சைப்புல்தான் கிடைக்கவில்லை. தலைச்சுமையாகப் புல்லுக்கட்டு கொண்டுவருவார்களே, அந்தப் பெண்கள் எல்லாம் சித்திரையில் ஊரைவிட்டுப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. வெயிலில் மிச்சமிருந்த புல்லும் கருகிவிட்டது. வைக்கோலும் தவிடும் புண்ணாக்கும்தான் போடுகிறேன். வயிறு நிறையச் சாப்பிடுகிறாள், குறை சொல்வதில்லை. போன வருஷம் சினையாக இருந்தபோதும் வைக்கோல்தானே போட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வேடிக்கை. ஆகாய விமானத்துக்குப் பயந்து விளக்குக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். பொழுது சாய்ந்தால் ஊரே முட்டிக்கொள்கிறது. செவலையும் நேற்று தண்ணீர்த் தொட்டியில் போய் இடித்துக்கொண்டாள். ஷரீஃப் வண்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தவன் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"இன்னா மொதலாளி, மாடு தொட்டி மேல மோதிக்கினு கீது. எங்குதிரெ இதே இருட்டுலதான் வருது, எதுமேலயாச்சும் மோதுதா?"

குதிரைக்கு லாடம் அடித்திருக்கிறது, தைரியம் அதிகம் என்றேன். அவன் சிரிக்கவில்லை. நீயாவது சிரி.

சைதாப்பேட்டை சந்தையிலிருந்து சித்திரையிலேயே உனக்கு மாவடு வாங்கி உப்பில் போட்டிருக்கிறேன். யாராவது வந்தால் அனுப்புகிறேன்.

நல்லசிவம்


உ
பாளையங்கோட்டை
20-6-1942

அத்தானுக்கு அநேக நமஸ்காரம். யாவரும் சௌக்கியம். மாவடு என்று படித்ததும் வாயில் நீர் ஊறியது. ஆனால் நான் சிரிக்கவில்லை.

செவலை தொட்டியில் இடித்துக்கொண்டது சாயங்காலம் மட்டுமா? காலையில் சரியாக நடக்கிறாளா? பகலில் ஒரு குச்சியைக் குறுக்கே போட்டால் தாண்டுகிறாளா, அதே குச்சியைப் பொழுது சாய்ந்து போட்டால் தடுக்குகிறாளா? கண்ணில் நீர் வழிகிறதா? பழகின இடத்தில் கூடத் தயங்கித் தயங்கிக் காலை வைக்கிறாளா? இதெல்லாம் பார்த்து எழுதுங்கள். விளக்குக் காகிதத்தின் மேல் பழியைப் போடாதீர்கள். மாட்டுக்கு விளக்கு எதற்கு?

மைலாப்பூரில் மாட்டு டாக்டர் வேதாந்தம் என்று ஒருவர் இருக்கிறார் என்று எதிர்வீட்டு மாமி சொல்லியிருக்கிறார். அவரிடம் காட்டுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். பகலெல்லாம் வேலை செய்கிறேன். சாயங்காலமானால் அம்மா என்னை உட்காரவைத்துவிடுகிறாள், ஒரு துரும்பைத் தூக்கவிடுவதில்லை. வாசற்படியில் இடித்துக் கால் பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது, அவ்வளவுதான். மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன்.

ஷரீஃப் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவன் குதிரைக்கு என்ன போடுகிறான் என்று கேளுங்கள்.

பங்கஜம்


சிவமயம்
தியாகராய நகர்
5-7-1942

சௌபாக்கியவதி பங்கஜத்துக்கு ஆசீர்வாதம். நீ மாட்டு டாக்டராகப் பிறந்திருக்கவேண்டியவள். நீ எழுதினது ஒவ்வொன்றும் அப்படியே இருக்கிறது. பகலில் குச்சியைத் தாண்டுகிறாள், பொழுது சாய்ந்தால் தடுக்குகிறாள். பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு உனக்கு இது எப்படித் தெரிந்தது?

வேதாந்தம் ஐயங்கார் வந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கே வருகிறேன் என்று சொல்லி, வந்து மாட்டை நடக்கவைத்துப் பார்த்தார். கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினார். செவலை இமைக்கவில்லை. பிறகு வைக்கோல் போரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பச்சை காட்டி எத்தனை நாளாச்சு? வைக்கோல் வயித்தை ரொப்பும் ஓய், கண்ணை ரொப்பாது."

பச்சைத் தழையில் வைட்டமின் என்று ஒன்று இருக்கிறதாம். நம் பத்திரிகைக்காரர்கள் ஜீவசத்து என்று எழுதுகிறார்களே, அதுதான். அதில் ஏ என்பது கண்ணுக்கு. பச்சை தின்கிற காலத்தில் மாடு அதை ஈரலில் சேர்த்து வைக்கும். சினையானால் கன்று அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஈனுகிற சமயத்தில்தான் தாயிடம் இருப்பு ரொம்பக் குறைந்து நிற்குமாம். புதிதாக வரவும் இல்லை என்றால் முதலில் சாயங்காலப் பார்வை போகும். அப்படியே விட்டால் கன்று குருடாகவோ நோஞ்சானாகவோ பிறக்கும். போன ஈற்று அப்படித்தான் போயிருக்கிறது. ராசியும் இல்லை, மண்ணும் இல்லை. நாம் போட்ட வைக்கோல்தான். அவர் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, மூக்கைச் சிந்துகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

இன்னும் நேரம் இருக்கிறது என்கிறார். ஷரீஃப் தினமும் கோட்டூர் பக்கம் அடையாற்றங்கரையில் குதிரைக்கு அறுக்கிற புல்லில் நமக்கும் ஒரு கட்டு போட்டுவிட்டுப் போகிறான். அமீனா பீ அகத்திக்கீரை அனுப்புகிறாள், கழுநீர் இல்லை, கீரைதான், பயப்படாதே. அது தவிர டாக்டர் ஓர் எண்ணெய் கொடுத்திருக்கிறார். தினமும் மூங்கில் குழாய்க் கொட்டத்தில் ஊற்றிப் புகட்டவேண்டும். மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, சீசாவைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக் கொடுத்தார். பெயர் இங்கிலீஷில் சொன்னார், என் வாயில் நுழையவில்லை.

உனக்குத்தான் முதலில் நன்றி சொல்லவேண்டும். நீ எழுதவில்லை என்றால் நான் இன்னும் விளக்கைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

நல்லசிவம்


உ
பாளையங்கோட்டை
16-7-1942

அத்தானுக்கு நமஸ்காரம். சௌக்கியம்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கன்று குருடாகப் பிறக்கும் என்று டாக்டர் சொன்னது நிச்சயமா, இல்லை உங்களை வேலை வாங்குவதற்காகச் சொன்னதா? பச்சை மட்டும் போட்டால் போதாதா, எண்ணெயும் கட்டாயம் வேண்டுமா? ஈனுவதற்கு எவ்வளவு காலம் முன்னால் கொடுத்தால் கன்றுக்குப் போய்ச் சேரும்? கேட்டு எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள்.

அந்த எண்ணெய் என்ன எண்ணெய்? நல்லெண்ணெயில் ஏதாவது பச்சிலை போட்டுக் காய்ச்சினதா? மருந்து என்ன நிறம், என்ன வாசனை? இது மாட்டுக்கு மட்டுமா, மனுஷருக்கும் ஆகுமா? தம்பி கேட்கச் சொன்னான், இங்கே ஒருவருக்கு இப்படி இருக்கிறதாம்.

ஷரீஃபுக்கும் அமீனா பீக்கும் நான் எவ்வளவோ கடமைப்பட்டிருக்கிறேன். கழுநீரைப் பற்றி எழுதினதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மிஷன் ஆஸ்பத்திரிக்கு அம்மா கூட்டிப்போனாள். டாக்டரம்மா ஒரு மருந்து கொடுத்தாள். அது எனக்கு ஒத்துவராது, சாப்பிடவில்லை. மற்றபடி பிள்ளை நன்றாக அசைகிறது.

பங்கஜம்


சிவமயம்
தியாகராய நகர்
30-7-1942

சௌபாக்கியவதி பங்கஜத்துக்கு ஆசீர்வாதம். நான் சுகம்.

நேற்று விளக்கு வைத்த பிறகு கொட்டகை வாசலில் குச்சியைக் குறுக்கே போட்டேன். செவலை நின்றாள். குனிந்து பார்த்தாள். காலைத் தூக்கித் தாண்டினாள். நான் ஓடிப்போய் ஷரீஃபைக் கூட்டிவந்தேன். அவனுக்காக இன்னொரு தடவை தாண்டினாள். அவன் "அல்லா" என்று சொல்லிவிட்டு மாட்டின் நெற்றியைத் தடவினான். நான் "சிவ சிவா" என்றேன். செவலை இரண்டு பேரையும் பொறுத்துக்கொண்டாள்.

எண்ணெயைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறாய். அது மாட்டு மருந்து, உனக்கெதற்கு? மஞ்சளாக இருக்கும். வாசனை நன்றாக இல்லை. அதைப் புகட்டிவிட்டு நான் தலைமுழுகிவிட்டுத்தான் சாப்பிடுகிறேன் என்பது மட்டும் போதும். அமீனா பீ வீட்டுப் பூனை ஏனோ நம் கொட்டகையே கதியென்று கிடக்கிறது. தம்பிக்குத் தெரிந்தவரை நல்ல வைத்தியரிடம் காட்டிக்கொள்ளச் சொல்.

டாக்டரம்மா கொடுத்த மருந்து ஒத்துவரவில்லை என்றால் வேறு கேள். ருசியில்லை என்று விட்டுவிடாதே. நான் மாட்டுக்கே ருசி பார்க்காமல் புகட்டுகிறேன்.

நல்லசிவம்


சிவமயம்
தியாகராய நகர்
22-8-1942

சௌபாக்கியவதி பங்கஜத்துக்கு ஆசீர்வாதம். உன்னிடமிருந்து கடிதமே இல்லை. ரயில் பாதையில் கலகம், தபால் நின்றுவிட்டது என்கிறார்கள். அதுதான் காரணம் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

செவலை ஈன்றுவிட்டாள். கிடாரிக் கன்று, தாயைப் போலவே சிவப்பு. விழுந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து, தேடாமல் நேரே மடிக்குப் போயிற்று. நான் ஒரு பக்கம் துண்டை ஆட்டினேன், தலையைத் திருப்பிப் பார்த்தது. ஷரீஃப் மறுபக்கம் கையைத் தட்டாமல் ஆட்டினான், அந்தப் பக்கமும் பார்த்தது. அமீனா பீ அழுதாள். பங்கஜம், கண் இருக்கிறது. நல்ல பெரிய கண்.

ஒரு சண்டையும் நடந்தது. சீம்பால் வரும் என்று திரும்பி வந்திருக்கிற நாலு வீட்டுக்காரர்களும் கிண்ணத்தோடு வந்துவிட்டார்கள். தெருவழக்கம்தானே, நாமும் போன ஈற்றில் கன்றுக்கு வைக்காமல் கறந்து காய்ச்சி எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம். டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், கன்று பிறக்கும்போது அதன் ஈரலில் ஒன்றும் இருக்காது, ஜீவசத்து எல்லாம் அந்த மஞ்சள் பாலில்தான் வருகிறது என்று. அதனால் ஒரு சொட்டு கிடையாது என்று சொல்லிவிட்டேன். கடையில் இலவசமாகக் கிண்ணம் கேட்டாலும் தந்துவிடுவேன், இதைத் தரமாட்டேன் என்றேன். எதிர்வீட்டு மாமி முகம் சுண்டிப் போய்விட்டது. நீ வந்து சமாதானம் செய்.

நீ சும்மா இருக்கிறவள் இல்லை. ஒரு வரி எழுது. கை வலித்தால் தம்பியை எழுதச் சொல்.

நல்லசிவம்


உ
பாளையங்கோட்டை
28-8-1942

அன்புள்ள அத்தானுக்கு,

கன்றுக்குக் கண் இருக்கிறது என்று படித்து நான் அழுத அழுகையைப் பார்த்து அம்மா பயந்துவிட்டாள். செவலையைக் கட்டிக்கொண்டு நான் சொன்னதாகச் சொல்லுங்கள். என்ன சொன்னதாக என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே ஏதாவது சொல்லுங்கள்.

தபால் நின்றது நிஜம். ஆனால் நானும் எழுதவில்லை. இனி மறைப்பதில் அர்த்தமில்லை. தம்பிக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. எனக்குத்தான். வைகாசிக் கடைசியிலிருந்து பொழுது சாய்ந்தால் எனக்குக் கண் தெரிவதில்லை. அம்மா கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போகிறாள். செவலை தொட்டியில் இடித்துக்கொண்டாள் என்று நீங்கள் வேடிக்கையாக எழுதின அன்றுதான் நான் படியில் இடித்துக்கொண்டேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு வருவதுதான், எனக்கும் வந்தது, பெற்றால் போய்விடும் என்று அம்மா சொன்னாள். நானும் அப்படியே நினைத்திருந்தேன். நீங்கள் கன்றைப் பற்றி டாக்டர் சொன்னதை எழுதினீர்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

மிஷன் டாக்டரம்மா கொடுத்தது மீன் எண்ணெய். சீசாவின் மேல் மீன் படமே போட்டிருக்கிறது. அம்மா அதை வீட்டுக்குள் கொண்டுவரவிடவில்லை, மாட்டுத்தொழுவக் கூரை எரவாணத்தில் செருகி வைத்திருக்கிறது. என்னாலும் முடியாது அத்தான். நினைத்தாலே குமட்டுகிறது. பிறந்தது முதல் நம் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை.

செவலைக்கு நீங்கள் கொடுத்த எண்ணெய் நல்ல எண்ணெயாகத்தான் இருக்கும். அபிஷேகத்துக்கு நேர்ந்த மாட்டுக்கு நீங்கள் வேறு எதையும் கொடுத்திருக்கமாட்டீர்கள். அதில் கொஞ்சம் எனக்கு அனுப்புங்கள். மாட்டு மருந்தானாலும் பரவாயில்லை. புரட்டாசி நெருங்குகிறது.

பங்கஜம்


சிவமயம்
தியாகராய நகர்
31-8-1942

என் பங்கஜத்துக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நேரே சொல்கிறேன். செவலைக்குக் கொடுத்ததும் மீன் எண்ணெய்தான். சுறா ஈரலில் எடுத்தது. சண்டையால் சீமையிலிருந்து வருவது நின்றுபோய் நம் பக்கத்திலேயே காய்ச்சுகிறார்களாம். நீ நேர்ந்துகொண்ட மாடு என்று உன்னிடம் சொல்லப் பயந்து, பெயர் வாயில் நுழையவில்லை என்று கதை அளந்தேன். என் பயத்தால் இத்தனை காலம் நீ இருட்டில் இருந்திருக்கிறாய். நீ ஒவ்வொன்றாகக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

உன் கடிதத்தைப் படித்ததும் ஷரீஃப் வண்டியில் மைலாப்பூருக்குப் போனேன். வேதாந்தம் ஐயங்கார் பூஜையிலிருந்து எழுந்து வந்தார். மனுஷருக்கு ஆகுமா என்று கேட்டேன்.

"மனுஷாளுக்குத்தான் ஓய் அது முதல்ல. எங்காத்துல நாட்டுப்பொண்ணுக்கு ரெண்டு பிரசவத்துக்கும் நானே கொடுத்தேன். பெருமாள் கோவிச்சுண்டதாத் தெரியலை. கண்ணில்லாத குழந்தையைக் கொடுத்திருந்தா நான்தான் அவரைக் கோவிச்சுண்டிருப்பேன்."

மாட்டுக்குக் கொடுத்ததை நீ குடிக்கவேண்டாம், ஆஸ்பத்திரி அம்மாள் கொடுத்ததையே அவள் சொன்ன அளவில் குடிக்கச் சொல், அதிகமும் வேண்டாம், குறைவும் வேண்டாம் என்றார். கூடவே முருங்கைக்கீரையும் அகத்தியும் தினம் சேர்க்கச் சொன்னார். இன்னும் நேரம் இருக்கிறதா என்று கேட்டேன். இன்றைக்கே ஆரம்பிக்கச் சொல்லும் என்றார். தந்தி ஆபீஸ் வரை போனேன். அத்தை வீட்டுக்கு மீன் எண்ணெய் என்று தந்தி போனால் ஊர் முழுக்கத் தெரியுமே என்று திரும்பிவந்து இதை எழுதுகிறேன். இதை நேரே தபால் வண்டியில் சேர்க்க ஷரீஃப் காத்துக்கொண்டிருக்கிறான்.

குடி என்று உன்னிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று யோசித்தேன். கொட்டகைக்குப் போனேன். செவலை பார்த்துக்கொண்டிருக்க, சீசாவிலிருந்து ஒரு கரண்டி ஊற்றி நானே குடித்தேன். வாயில் வைத்ததும் பாலவாக்கம் கடற்கரை மொத்தமும் தொண்டைக்குள் இறங்கியது. துப்பவில்லை. பூனை என்னை மரியாதையாகப் பார்த்தது. இனி அது பாவம் என்றால் முதல் பாவம் என்னுடையது, நீ இரண்டாமவள்தான். சைவம் போனால் இரண்டு பேருக்கும் சேர்ந்து போகட்டும்.

அத்தையிடம் நான் சொன்னதாகச் சொல். அவளுக்கு மருமகனாவதற்கு முன்னால் நான் அவள் தம்பி பிள்ளை. என் பேச்சை அவள் தட்டியதில்லை.

குடி, பங்கஜம்.

நல்லசிவம்


உ
பாளையங்கோட்டை
14-9-1942

அத்தானுக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தைத் தம்பி வாசிக்க அம்மா கேட்டாள். நீங்கள் குடித்த இடம் வந்ததும் தம்பி சிரித்துவிட்டான். அம்மா சிரிக்கவில்லை. எழுந்து போய் எரவாணத்திலிருந்து சீசாவை எடுத்துவந்தாள். சேலைத் தலைப்பால் பிடித்திருந்தாள். கரண்டியில் ஊற்றி, என் மூக்கைத் தானே பிடித்துக்கொண்டு, "எம் மருமவனே குடிச்சிட்டான், பொறவு என்ன" என்றாள். முதல் நாள் வெளியே வந்துவிட்டது. மறுநாளிலிருந்து உள்ளே தங்குகிறது. முருங்கைக்கீரையைத் தின்று தின்று மரமே மொட்டையாகிவிட்டது.

முந்தாநாள் வாசலில் உட்கார்ந்திருந்தேன். தெருக்கோடியில் யாரோ பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அது என்ன நிறம் என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே இருப்பதற்கு எப்படியோ தெரியாது. 

நீங்கள் மறைத்தீர்கள், நானும் மறைத்தேன், கணக்கு நேர். அபிஷேகப் பாலைப் பற்றி நீங்கள் குழம்பவேண்டாம். கொண்டுபோய்க் கொடுங்கள். அது எனக்கும் கற்பகாம்பாளுக்கும் இடையில். அவளும் பிள்ளை பெற்றவள்தான். பாக்கிப் பாலில் அமீனா பீ வீட்டுக்குத் தினம் ஒரு செம்பு கொடுங்கள். நான் வந்த பிறகும் அது நிற்கக்கூடாது. நம் செம்பை அவள் வீட்டில் கழுவித் தந்தால் அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு கரண்டியை நான் உயிர் உள்ளவரை மறக்கமாட்டேன்.

பங்கஜம்


உ
பாளையங்கோட்டை
24-10-1942

என் அருமை அத்தானுக்குப் பங்கஜமும், உங்கள் மகளும் நமஸ்காரம். தந்தி கிடைத்து நீங்கள் எழுதின பதில் வந்தது. குழந்தைக்கு மாதம் ஒன்று ஆகப்போகிறது. தாயும் சேயும் சௌக்கியம். ரயிலில் இடம் கிடைத்ததும் நீங்கள் வரப்போகிறீர்கள் என்று தெரிந்தும், அதுவரை பொறுக்க முடியாமல் எழுதுகிறேன்.

குழந்தை உங்கள் நிறம். முடி நிறைய இருக்கிறது. பிறந்த அன்று டாக்டரம்மா கண்ணைப் பிரித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னாள். ஆனால் சின்னக் குழந்தை எதையும் நிலைத்துப் பார்ப்பதில்லையே. என் முகத்துக்கு அந்தப் பக்கம் எதையோ பார்க்கிற மாதிரி இருக்கும். நான் யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே உருகிக்கொண்டிருந்தேன். அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைப் பார்த்து எனக்கு இன்னும் பயம்.

இன்றைக்கு விளக்கு வைத்ததும் அம்மா அகல்விளக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாக வலப்பக்கம் நகர்த்தினாள். குழந்தை பார்த்துக்கொண்டே இருந்தது. கண் மெதுவாக, விளக்கோடு கூடவே போயிற்று. இடப்பக்கம் நகர்த்தினாள். அந்தப் பக்கமும் போயிற்று. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அம்மா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.  பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"ஒனக்கு முன்னால எனக்கு ஒண்ணு பொறந்துது, ஏட்டி. நான் யாருட்டயும் சொன்னதில்ல. அதுக்கும் இப்படித்தான் வெளக்கக் காட்டுனேன். அது பாக்கவே இல்ல."

இத்தனை வருஷம் நான்தான் மூத்தவள் என்று நினைத்திருந்தேன். தனக்கும் வந்தது, போய்விட்டது என்று அம்மா சொன்னாளே தவிர, அது எதைக் கொண்டுபோயிற்று என்று சொல்லவில்லை. எரவாணத்தில் சீசா இருந்த அத்தனை நாளும் அவளுக்கு உள்ளே எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். நான் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுது முடித்தோம்.

வேதாந்தம் ஐயங்காருக்கும், ஷரீஃபுக்கும், அமீனா பீக்கும் என் நமஸ்காரத்தை நேரில் போய்ச் சொல்லுங்கள். செவலைக்கு நான் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

நான் அழுது முடித்துக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். அம்மா இன்னும் விளக்கைக் கீழே வைக்கவில்லை. வலமும் இடமுமாகக் காட்டிக்கொண்டே இருக்கிறாள், குழந்தையும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. எண்ணெய் தீரும்வரை காட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள்
பங்கஜம்